ரேடியோ கேலக்ஸி: பந்தலூர் வானம் பார்க்கும் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

பந்தலூரில் மாதம் ஒரு சனிக்கிழமை வானம் பார்க்கக் கூடுகிறோம். சேரம்பாடி, எருமாடு, தேவாலா பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். தாளூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வயநாட்டிலிருந்தும் நாலைந்து குடும்பங்கள் வரும். யானை நடமாட்டம் இருப்பதால் எட்டு மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம். முன்பெல்லாம் நிலாவையும் வியாழனையும் பற்றித்தான் கேட்பார்கள். ஊட்டி பக்கம் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதிலிருந்து பேச்செல்லாம் தொலைதூர ரேடியோ கேலக்ஸிகளைப் பற்றித்தான். ஒரே சந்தேகம் பல வாயிலிருந்து வந்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ரேடியோ கேலக்ஸின்னா அங்கேருந்து ரேடியோ மாதிரி சத்தம் வருமா டீச்சர்?

வராது. ரேடியோ அலை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளி. நிலையத்தில் இருப்பவர்கள் பேச்சையும் பாட்டையும் அதன் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள், வீட்டில் இருக்கும் பெட்டி அதைப் பிரித்து ஒலியாக்கித் தருகிறது. கேலக்ஸியிலிருந்து வரும் அலையில் யாரும் எதையும் ஏற்றி வைக்கவில்லை. அதை ஸ்பீக்கரில் போட்டால், நாடுகாணி இறக்கத்தில் கோழிக்கோடு எஃப்எம் விட்டுப்போகும்போது வருமே ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல், அதுதான் கேட்கும்.

நம் பால்வீதி உட்பட எல்லாக் கேலக்ஸியும் கொஞ்சம் ரேடியோ அலை விடுகிறது. அதில் ஒரு சில மட்டும் அசாத்தியமாக விடும், அவற்றைத்தான் ரேடியோ கேலக்ஸி என்கிறோம். நடுவில் பல கோடி சூரியன்களின் நிறை கொண்ட ஒரு கருந்துளை இருக்கும். அதைச் சுற்றி விழுகிற வாயுவில் ஒரு பகுதி உள்ளே போகாமல், எதிரெதிர்த் திசையில் இரண்டு பீய்ச்சல்களாக வெளியே பாயும். அதில் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போகும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுருண்டு சுருண்டு ரேடியோ அலையை உமிழ்கின்றன. பீய்ச்சல் போய் முட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் பெரிய மடல்கள் உண்டாகும். சிக்னஸ் ஏ என்பதில் ஒரு மடலின் நுனியிலிருந்து இன்னொன்றின் நுனி வரை சுமார் 4 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வீதி முழுக்கவே ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம்தான்.

முத்தோரையில பார்த்தது கம்பி வேலி மாதிரில்ல இருந்துச்சு, அதுவா டெலஸ்கோப்?

அதேதான். கேரட் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு நிற்கிறது. 24 வளைந்த இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். சேரம்பாடி மாணவி ஒருத்தி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “வானம் இதுக்குள்ள ஒழுகிடாதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. இந்தத் தொலைநோக்கி வாங்கும் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கம்பிகளின் இடைவெளி அதைவிட ரொம்பக் குறைவு என்பதால் அந்த அலைக்கு அது ஓட்டையில்லாத கண்ணாடி மாதிரி. காற்றும் மழையும் மட்டும் ஊடே போய்விடும்.

இதைச் சரிவில் கட்டிய காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சரிவு வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரிதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. கீலில் கதவு திரும்புவது போல ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பினால் போதும், ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய இளம் குழுவும் இப்படி ஒரு மலையைத் தேடிக் கண்டுபிடித்து, 1970இல் கட்டி முடித்தார்கள். அதுவும் நம் மாவட்டத்தில்.

ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் மேகம் விலகாதே, அப்ப லீவா?

லீவு இல்லை. மீட்டர் நீள அலை மேகத்தையும் மழையையும் கவனிக்காமல் கடந்து வரும். பகலிலும் வேலை நடக்கும்.

வாசல்லயே போனை ஏன் அணைக்கச் சொன்னாங்க?

வருகிற அலை அத்தனை மெலிதானது. இதற்கான அலகுக்கு, வானத்திலிருந்து வந்த ரேடியோ அலையை 1930களின் தொடக்கத்தில் முதன்முதலாகப் பிடித்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு வாட்டை எடுத்து, ஒன்றுக்குப் பின்னால் 26 சைபர் போட்டு வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஒரு ஜான்ஸ்கி. அவ்வளவுதான் ஒரு சதுர மீட்டரில், அலைவரிசையின் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விழுகிறது. சிக்னஸ் ஏ ஆயிரக்கணக்கான ஜான்ஸ்கி. தொலைதூரக் கேலக்ஸிகளோ ஒரு ஜான்ஸ்கியில் ஆறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்றுதான் கிடைக்கும். நிலாவில் யாராவது ஒரு செல்போனை வைத்துப் பேசினால், அந்த போனின் அலைவரிசையில் அது இங்கே நூறு ஜான்ஸ்கிக்கு மேல் தெரியும். அப்படியிருக்க, நம் சட்டைப் பையில் இருக்கும் போன் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலா மறைச்சதை வச்சு அளந்தாங்கன்னு சொன்னீங்களே, மறைஞ்சா எப்படி அளக்கறது?

ரேடியோ தொலைநோக்கிக்குப் பார்வை மங்கல். ‘இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது’ என்று சொல்லுமே தவிர, புள்ளி வைத்துக் காட்டாது. இதற்கு நிலா கைகொடுத்தது. நட்சத்திரங்களின் பின்னணியில் நிலா ஒரு விநாடிக்குச் சுமார் அரை வில்விநாடி நகர்கிறது. ஒரு வில்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. நிலாவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் மறுபடி வெளியே விடும் கணத்தையும் துல்லியமாகக் குறித்துக்கொண்டால், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பது வில்விநாடிக் கணக்கில் கிடைத்துவிடும். சட்டென்று மறைந்தால் சின்னது, மெல்ல மங்கினால் பெரியது.

ஊட்டியில் 1970களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை இப்படி அளந்தார்கள். மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறியவையாக இருந்தன. அதாவது, அவை தூரத்தில் இருப்பவை, அங்கிருந்து அலை வந்து சேர அவ்வளவு காலம் ஆவதால் பழைய காலத்தில் இருந்தவை. அந்தக் காலத்துப் பிரபஞ்சம் இன்றைக்கு இருப்பது மாதிரி இல்லை. ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் இதை எழுதினார்கள். ‘பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது’ என்ற கொள்கை அப்போதும் ஆதரவாளர்களோடு இருந்தது. அதற்கு எதிராகவும் பெருவெடிப்புக்கு ஆதரவாகவும் நின்ற சான்றுகளில் இந்தச் சரிவிலிருந்து போனதும் ஒன்று.

தூரம்னா டேப் வச்சா அளக்க முடியும்? எப்படித்தான் சொல்றாங்க?

பிரபஞ்சம் விரிகிறது. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வழி நீள்வதால் அதன் அலைநீளமும் கூடவே நீள்கிறது. எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதுதான் செம்பெயர்ச்சி, பிள்ளைகள் பள்ளியில் ரெட்ஷிஃப்ட் என்று படிப்பது. செம்பெயர்ச்சி 1 என்றால் அலைநீளம் இரண்டு மடங்கு. செம்பெயர்ச்சி 5 என்றால் ஆறு மடங்கு. ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பலர் இதில் தவறுகிறார்கள்.

நீண்டிருப்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று நிலையான அலைநீளங்களில்தான் ஒளி விடும், அவற்றைக் கோடுகள் என்பார்கள். தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளில் முக்கியமானது லைமன் ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோடு. புறப்படும்போது 121.6 நானோமீட்டர், புற ஊதா. அது நமக்கு 365 நானோமீட்டரில் வந்து சேர்ந்தால் மூன்று மடங்கு, செம்பெயர்ச்சி 2. உண்மையில் அளக்கப்படுவது இது ஒன்றுதான். ஒளியாண்டு, வயது எல்லாம் இதிலிருந்து கணக்குப் போட்டு வருபவை.

அப்ப ரேடியோலயே அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டியதுதானே? இன்னொரு டெலஸ்கோப் எதுக்கு?

ரேடியோ கேலக்ஸியின் ரேடியோ அலையில் கோடே கிடையாது. முதல் பதிலில் சொன்ன எலக்ட்ரான்கள் எல்லா அலைநீளத்திலும் வழவழவென்று தொடர்ச்சியாக உமிழ்கின்றன. அடையாளம் வைக்க ஒரு மேடு பள்ளம் இல்லை. எனவே ரேடியோ ‘இங்கே ஒன்று இருக்கிறது’ என்று சொல்லும். தூரத்தைச் சொல்ல, அதே இடத்தில் ஒளியிலோ அகச்சிவப்பிலோ தெரியும் கேலக்ஸியைக் கண்டுபிடித்து நிறமாலை எடுக்க வேண்டும், அதாவது அதன் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிக்னஸ் ஏயின் கதை அப்படித்தான். 1951இல் கேம்பிரிட்ஜில் கிரகாம் ஸ்மித் அதன் இடத்தைக் கறாராக அளந்து கொடுத்தார். அமெரிக்காவில் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியை அங்கே திருப்பிய பாடேயும் மின்கோவ்ஸ்கியும் ஒரு மங்கலான கேலக்ஸியைக் கண்டார்கள். செம்பெயர்ச்சி 0.056, சுமார் 75 கோடி ஒளியாண்டு. வானத்திலேயே மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்று அவ்வளவு தூரத்தில் என்றால், இன்னும் மங்கலானவை எங்கே இருக்கும்? இந்தத் துறை அந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது.

லட்சக்கணக்குல புள்ளி இருக்கும்போது எது ரொம்ப தூரம்னு எப்படிப் பொறுக்கறாங்க?

இதை விரிவாகவே சொல்கிறேன், இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஊட்டிக்குப் பிறகு ஸ்வரூப் கட்டியது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நின்று ஒரே கண்ணாக வேலை செய்கின்றன. அதை வைத்து 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் பெரும்பகுதியை 2010 முதல் 2012 வரை படமெடுத்தார்கள். டிஜிஎஸ்எஸ் என்று பெயர். 2017இல் வெளியான பட்டியலில் சுமார் 6.2 லட்சம் மூலங்கள். அத்தனைக்கும் நிறமாலை எடுக்க உலகத்தில் யாருக்கும் நேரம் கிடையாது.

இங்கே ஒரு சல்லடை உதவுகிறது. ஒரே மூலத்தை 150 மெகாஹெர்ட்ஸிலும் 1400 மெகாஹெர்ட்ஸிலும் அளந்து ஒப்பிடுவார்கள். சாதாரண ரேடியோ கேலக்ஸி 150இலிருந்து 1400க்குப் போகும்போது சுமார் ஆறு மடங்கு மங்கும். சில மட்டும் இருபது மடங்குக்கு மேல் மங்கும், அவற்றின் சரிவு செங்குத்து. இப்படிச் செங்குத்தாகச் சரிபவை அதிக தூரத்தில் இருக்க வாய்ப்பு கூடுதல் என்று 1970களின் முடிவிலிருந்தே தெரியும். தீலென்ஸ், மைலி, வில்லிஸ் 1979இல் இதைக் காட்டினார்கள். ஒளிப்படங்களில் எதுவும் தெரியாதவை, சிறியதாகச் சுருங்கித் தெரிபவை என்று மேலும் இரண்டு சல்லடை போட்டால் பட்டியல் மளமளவென்று குறையும். நெதர்லாந்தின் லைடனில் ஆயுஷ் சக்சேனா குழு டிஜிஎஸ்எஸ்ஸிலிருந்து இப்படிச் சலித்து எடுத்தது 32 தான். 6 லட்சத்திலிருந்து 32.

பிறகும் வேலை முடியவில்லை. டிஜிஎஸ்எஸ் படத்தில் ஒரு புள்ளியே 25 வில்விநாடி அகலம், அதற்குள் பல மங்கல் கேலக்ஸிகள் அடங்கிவிடும். இன்னும் கூரான ரேடியோ படம் எடுத்து இடத்தைக் குறுக்க வேண்டும். அப்புறம் அகச்சிவப்பில் பார்ப்பார்கள். ரேடியோ கேலக்ஸிகள் எல்லாமே கனத்தவை, பிரகாசத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. ஆகவே அகச்சிவப்பில் எவ்வளவு மங்கலோ அவ்வளவு தூரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்தப் படத்தில் ஒன்றுமே விழவில்லை என்றால் வேறு துறையில் ஏமாற்றம், இங்கே நல்ல சகுனம்.

கோயில் திருவிழா ஸ்பீக்கர் தூரத்துலேருந்து ‘டம் டம்’னு மட்டும் கேக்குமே, அது மாதிரியா இந்தச் சரிவு?

எருமாட்டுக்காரர் ஒருவர் கேட்டது. அழகான ஒப்பீடு, ஆனால் பொருந்தாது. காற்றும் மரமும் உயர்ந்த சுருதியை விழுங்குவதால் தூரத்தில் தாளம் மட்டும் மிஞ்சுகிறது. விண்வெளியில் இந்த ரேடியோ அலையை அப்படி விழுங்க ஒன்றும் இல்லை.

காரணம் வேறு. செம்பெயர்ச்சி 5.72 என்றால் நாம் 150 மெகாஹெர்ட்ஸில் வாங்குவது அங்கே சுமார் 1000 மெகாஹெர்ட்ஸாகப் புறப்பட்டது. அதாவது, அந்தக் கேலக்ஸியின் உயர் அதிர்வெண் பகுதியைத்தான் எப்போதும் பார்க்கிறோம். அதிக ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் முதலில் களைத்துப்போவதால் அந்தப் பகுதி எப்போதுமே கூடுதல் சரிவு. இது ஒரு பங்குதான், முழு விளக்கம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. தூரத்தில் இருந்தும் சரிவு குறைவாக உள்ள கேலக்ஸிகளும் உண்டு. அவை இந்தச் சல்லடையில் தப்பிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

சரி, இதுவரைக்கும் ரொம்ப தூரத்துல எது?

ரேடியோ கேலக்ஸிகளில் டிஎன் ஜே0924-2201 என்பது 1999இல் செம்பெயர்ச்சி 5.19 என்று அறிவிக்கப்பட்டது. பல வருடம் முன்னணியில் இருந்தது அதுதான். நாம் பார்க்கும் அதன் தோற்றம் பிரபஞ்சத்துக்குச் சுமார் 110 கோடி வயதில் இருந்தது. 2018இல் மேலே சொன்ன 32இலிருந்து டிஜிஎஸ்எஸ் ஜே1530+1049 வந்தது. ஹவாயில் உள்ள ஜெமினி தொலைநோக்கியில் எடுத்த நிறமாலையில் சுமார் 817 நானோமீட்டரில் ஒரு கோடு. லைமன் ஆல்ஃபா என்று கொண்டால் செம்பெயர்ச்சி 5.72 என்று அப்போது அறிவித்தார்கள். குவேசார்களையும் (நடுக் கருந்துளையின் வெளிச்சம் கண்ணைக் கூசும் வகை) சேர்த்தால் இன்னும் தூரம் போகலாம். உதாரணத்துக்கு, பி172+18 என்ற ரேடியோ குவேசார் 6.82, அறிவித்தது 2021இல்.

‘லைமன் ஆல்ஃபா என்று கொண்டால்’னா என்ன டீச்சர்? சந்தேகமா?

வயநாட்டிலிருந்து வரும் பிளஸ் டூ மாணவன் கேட்டது. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

ஒரே ஒரு கோடு தெரிந்தால் அது எந்தக் கோடு என்பது நம் அனுமானம்தான். வேறு தனிமத்தின் கோடாக இருந்தால் அதே 817 நானோமீட்டர் வேறு செம்பெயர்ச்சியைத் தரும். ஆக்சிஜனின் 372.7 நானோமீட்டர் கோடு என்று வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன், அவனே கையேட்டின் ஓரத்தில் போட்டுக் காட்டினான்: 1.19. ஒன்று பிரபஞ்சத்தின் விடிகாலை, மற்றது அதோடு ஒப்பிட்டால் வெகு அருகே. கோட்டின் வடிவம், அகச்சிவப்பில் எவ்வளவு மங்கல் என்பவற்றை வைத்து எது பொருத்தம் என்று வாதிடலாம். ஆனாலும் இரண்டாவது கோடு கிடைக்கும்வரை ஒற்றைக் கோட்டின் எண்ணை மாறக்கூடிய எண்ணாகவே நான் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு கோடு இருந்தால், இரண்டும் ஒரே மடங்கு நீண்டிருக்கிறதா என்று சரிபார்த்துவிடலாம். டிஎன் ஜே0924 அந்த வகையில் உறுதி. அதில் கார்பன் மோனாக்சைடு வாயுவின் கோடுகளை 2005இல் ரேடியோவிலேயே பிடித்தார்கள், 5.19 என்றே வந்தது. ‘ரேடியோவில் கோடே இல்லை’ என்று முன்னால் சொன்னது பீய்ச்சலின் அலையைப் பற்றி. குளிர்ந்த வாயுவுக்குக் கோடு உண்டு.

குவேசாரும் ரேடியோ கேலக்ஸியும் ஒண்ணா வேறயா?

பெரும்பாலும் ஒன்றைத்தான் இரண்டு கோணத்தில் பார்க்கிறோம். கருந்துளையைச் சுற்றித் தடித்த தூசு வளையம். பக்கவாட்டில் பார்த்தால் நடு வெளிச்சம் மறைந்து கேலக்ஸி தெரியும். பீய்ச்சல் வரும் திசைக்கு அருகிலிருந்து பார்த்தால் கண்ணைக் கூசும் குவேசார். கேலக்ஸியையே ஆராய நினைப்பவர்களுக்கு முதல் வகைதான் வசதி.

பிரபஞ்சத்துக்கே 1380 கோடி வயசுதானே? அப்புறம் எப்படி 2700 கோடி ஒளியாண்டுன்னு எழுதறாங்க?

இரண்டும் சரி. செம்பெயர்ச்சி 5.72இலிருந்து வரும் ஒளி சுமார் 1280 கோடி வருடம் பயணம் செய்தது. அந்த வருடங்கள் முழுக்க, கடந்து வந்த வழியும் பின்னால் விரிந்துகொண்டே இருந்தது. ஆகவே இன்றைய கணக்கில் அந்த இடம் சுமார் 2700 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. செய்தியில் தூரத்தைப் பார்த்தால் இரண்டில் எது என்று பாருங்கள். எதையும் சொல்லாவிட்டால் செம்பெயர்ச்சியைத் தேடுங்கள், அதில் குழப்பம் இல்லை.

இவ்வளவு தேடியும் ஏன் இத்தனை கொஞ்சம்?

அவ்வளவு பெரிய கருந்துளை வளர அப்போது நேரம் குறைவு, அது ஒன்று. இன்னொன்று, பெருவெடிப்பின் மிச்ச வெப்பம். இன்று மெலிந்து நுண்ணலையாக நிற்கும் அந்தக் கதிர்வீச்சு அன்று அடர்த்தியாக இருந்தது. அடர்த்தி, நீட்சி மடங்கின் நான்காம் அடுக்காகக் கூடும். செம்பெயர்ச்சி 5.72க்கு நீட்சி 6.72 மடங்கு. 6.72ஐ நான்கு தடவை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், இன்றைக்கு இருப்பதைப் போல 2000 மடங்கு வருகிறது. பீய்ச்சலின் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுருண்டு ரேடியோ அலை விடுவதற்குள் இந்தக் கதிர்வீச்சில் மோதித் தங்கள் ஆற்றலை எக்ஸ் கதிராக இழந்துவிடும். பெரிய மடல்கள் ரேடியோவில் மங்கிப்போகும். அவை அங்கே இருந்தும் நமக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஜேம்ஸ் வெப் இதைவிட தூரத்தையெல்லாம் காட்டிருச்சே. ரேடியோ இனி எதுக்கு?

வெப் விண்வெளித் தொலைநோக்கி செம்பெயர்ச்சி 14 வரை கேலக்ஸிகளைக் கண்டிருப்பது உண்மை. ஆனால் அது வானத்தில் மிகச் சின்னத் துண்டைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கும். அரிதானவற்றைத் தேட வானம் முழுக்க அலச வேண்டும், தூசு மறைத்தவற்றையும் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ரேடியோதான்.

இன்னொரு பயன், நான் மிகவும் எதிர்பார்ப்பது. ஆரம்பத்தில் பிரபஞ்சம் முழுக்க நடுநிலை ஹைட்ரஜன் வாயு நிறைந்திருந்தது. முதல் நட்சத்திரங்கள் அதை மெல்ல அயனியாக்கின. அந்த வாயு 1420 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையை உறிஞ்சும். அதற்கும் பின்னால் ஒரு ரேடியோ கேலக்ஸி விளக்காக எரிந்தால், இடையில் இருக்கும் ஒவ்வொரு வாயுத்திட்டும் அதன் நிறமாலையில் ஒரு சின்ன வெட்டை விட்டுப்போகும். செம்பெயர்ச்சி 7இல் இருக்கும் வாயுவின் வெட்டு 177 மெகாஹெர்ட்ஸில் விழும். அந்த விளக்குக்காகத்தான் இன்னும் தூரத்தில், இன்னும் பிரகாசமான ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்க பிள்ளைங்க இதுல ஏதாவது செய்ய முடியுமா? எஸ்டேட் பிள்ளைங்க டீச்சர்.

முடியும். டிஜிஎஸ்எஸ் படங்கள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இலவசமாக இருக்கின்றன. பட்டப்படிப்பில் அறிவியல் எடுத்தவர்களுக்கு ராட் அட் ஹோம் என்ற இந்தியக் குழு, ஜிஎம்ஆர்டி படங்களில் விநோதமான ரேடியோ கேலக்ஸிகளைத் தேடக் கற்றுத்தருகிறது. முழுநேரமாகப் போக விரும்பினால் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். திருவனந்தபுரம் வலியமலையில் விண்வெளிக் கல்லூரி, புனேவில் ஜிஎம்ஆர்டியை நடத்தும் ரேடியோ வானியல் மையம் இரண்டும் விசாரிக்க வேண்டிய இடங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். ஒரே இடத்தை 150 மெகாஹெர்ட்ஸ் படத்திலும் 1400 மெகாஹெர்ட்ஸ் படத்திலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, எந்தப் புள்ளி அதிகமாக மங்குகிறது என்று பார்ப்போம். கால்குலேட்டரும் ஒரு நோட்டும் போதும். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் யானை நேரத்துக்கு முன்னால் முடித்துவிடலாம்.